“இன்னும் நிரூபிக்கப்படவில்லை”: ஒரு பெரிய பொய்யின் கதை

(இளைஞர் வகுப்புக்கான பாடம். வகுப்பில் வாசித்துக் கலந்துரையாட ஒன்றரை மணி நேரம் ஒதுக்கவும்.)

பாடத்தின் நோக்கம்:
1. புகையிலை நிறுவனங்கள் உண்மையை எப்படி மறைத்தன என்பதை அறிதல்.
2. பொய்யின் பல வடிவங்களை அடையாளம் காணுதல்.
3. இன்று நம் கையில் திணிக்கப்படும் பொருள்களைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழகுதல்.



பாசிர் பெனம்பாங்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. ஆற்றோரம் மீன் படகுகள் வந்து நிற்கும். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது படிவம் நான்கில் படிக்கும் ஒரு தம்பியின் சட்டைப் பையிலிருந்து ஏதோ கீழே விழுந்தது. பேனா மாதிரி, பளிச்சென்ற நிறத்தில். மாம்பழ வாசனை அடித்தது.

“என்ன தம்பி இது?”

“வேப்புண்ணே.” தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சட்டென்று நிமிர்ந்து, “சிகரெட் இல்லண்ணே. வெறும் ஆவிதான். இதனால ஒன்னும் ஆகாதுன்னு சொன்னாங்க” என்றான்.

“யாரு சொன்னாங்க?”

அவன் யோசித்தான். பதில் வரவில்லை.

நான் அவனைத் திட்டவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை முன்பு வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் என் அப்பா. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் “யாரு சொன்னாங்க?” என்ற அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம். அந்தப் பதில் 70 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்குகிறது.

1. மருத்துவர்கள் கண்டது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் வேகமாகப் பெருகியது. காரணம் தெரியவில்லை. ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்ட் ஹில் என்ற இருவர் லண்டனில் 20 மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்தார்கள். தொடக்கத்தில் டால் சந்தேகப்பட்டது சிகரெட்டை அல்ல, சாலைக்குப் போடும் தாரையும் வாகனப் புகையையும்தான். ஆனால் சேர்ந்த விவரமெல்லாம் ஒரே பக்கம் கை காட்டியது. டால் தாமும் புகைப்பதை நிறுத்திவிட்டார். 1950இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரின் ஆய்வும் இதையே சொன்னது. 1953இல் வைண்டர் குழுவினர் சிகரெட் தாரை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது கட்டிகள் வளர்ந்தன. பத்திரிகைகள் எழுதின. சிகரெட் நிறுவனங்களின் பங்கு விலை இறங்கியது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சிந்தியுங்கள். நீங்கள் விற்கும் பொருள் ஆளைக் கொல்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். நேர்மையான வணிகர் என்ன செய்வார்? விற்பனையை நிறுத்தி விசாரிப்பார். குறைந்தது, வாங்குபவரிடம் எச்சரிக்கையாவது சொல்வார். திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகரையும் சேர்த்துச் சொல்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதுவதே வணிகருக்கு அழகு என்பது அவர் கருத்து. பிறர் பொருளுக்கே அந்த மரியாதை என்றால் பிறர் உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

2. ஹோட்டலில் நடந்த கூட்டம்

1953 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய சிகரெட் நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். அவர்கள் உதவிக்கு அழைத்தது மருத்துவரை அல்ல, ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர, மக்கள் தொடர்பு நிறுவனத்தை. அதாவது, நோயாகப் பார்க்க வேண்டியதை அவர்கள் பெயர் கெடும் பிரச்சினையாகப் பார்த்தார்கள்.

1954 ஜனவரி 4ஆம் தேதி, 400க்கும் அதிகமான பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளிவந்தது. ‘சிகரெட் புகைப்போருக்கு ஓர் ஒளிவுமறைவற்ற அறிக்கை’ என்பதுபோல் அதன் தலைப்பு. மக்களின் உடல்நலமே வணிகத்தின் மற்ற எல்லா நோக்கங்களுக்கும் மேலான பொறுப்பு என்று அதில் உறுதி கூறினார்கள். தங்கள் பொருள் உடலுக்குக் கேடு இல்லை என்று நம்புவதாகவும் சொன்னார்கள். உண்மையைக் கண்டறிய ஓர் ஆராய்ச்சிக் குழு அமைப்பதாக அறிவித்தார்கள்.

நல்லாத்தானே இருக்கு? ஆராய்ச்சி செய்வது நல்லதுதானே? ஆனால் அந்தக் குழு பிறகு பெயர் மாறி, 1998 வரை இயங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி, ஆராய்ச்சி, ஆராய்ச்சி. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: “இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மேலும் ஆராய வேண்டும்.” உண்மையைத் தேடுவதற்கு என்று சொல்லப்பட்ட ஆராய்ச்சி, உண்மையைத் தள்ளிப்போடுவதற்குப் பயன்பட்டது.

3. உள்ளே தெரிந்தது என்ன?

“அவங்களுக்கே அப்போ தெரியாம இருந்திருக்கலாமே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாமல் சொன்னால் அது தவறு. தெரிந்து சொன்னால்தான் பொய். ஆகவே அவர்களுக்குத் தெரியுமா என்பதே முக்கியம்.

தெரியும். அவர்களுடைய சொந்தத் தாள்களே சாட்சி.

1963இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் எழுதிய உள் குறிப்பு ஒன்று இருக்கிறது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்றும், ஆகவே நாம் அடிமைப்படுத்தும் ஒரு போதைப்பொருளை விற்கும் தொழிலில்தான் இருக்கிறோம் என்றும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு, 1964 ஜனவரியில், அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை சிகரெட் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று உறுதியாகச் சொன்னது. நிறுவனங்கள் அசையவில்லை. 1969இல் அதே நிறுவனத்தின் இன்னொரு குறிப்பு அவர்களுடைய வழியைத் தெளிவாகச் சொல்கிறது. மக்கள் மனத்தில் இருக்கும் உண்மைகளோடு போட்டி போட ஆகச் சிறந்த வழி சந்தேகத்தைக் கிளப்புவதுதான், நாம் தயாரிக்கும் சரக்கே சந்தேகம்தான் என்பது அதன் சாரம்.

இதை இரண்டு முறை வாசியுங்கள். அவர்கள் சிகரெட்டோடு சேர்த்து இன்னொரு சரக்கையும் விற்றார்கள். அதற்கு விலை இல்லை. இலவசம். அதன் பெயர் சந்தேகம்.

4. பொய்யின் மூன்று வேடங்கள்

மகாபாரதத்தில் துரோணரை வீழ்த்த நடந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, “அசுவத்தாமன் இறந்தான்” என்று தருமரைச் சொல்ல வைத்தார்கள். ‘யானை’ என்ற சொல் மெதுவாக வந்தது. துரோணர் காதில் விழவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் இல்லை. ஆனால் கேட்டவர் மனத்தில் பொய்தான் பதிந்தது. அதுவரை தரையைத் தொடாமல் ஓடிய தருமரின் தேர், அந்தக் கணம் மண்ணில் இறங்கியது என்பது கதை. வாய்மை என்பது வாயிலிருந்து வரும் சொல்லில் மட்டும் இல்லை, கேட்பவர் மனத்தில் என்ன விதைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால் புகையிலை நிறுவனங்களின் பொய் மூன்று வேடம் போட்டது.

முதல் வேடம், மறுப்பு. “கேடு இல்லை” என்று நேரடியாகச் சொல்வது.

இரண்டாம் வேடம், சந்தேகம். “இரண்டு பக்கமும் கருத்து இருக்கிறது” என்று சொல்லி, முடிந்த விவாதத்தை முடியாததுபோல் காட்டுவது.

மூன்றாம் வேடம், மாற்றுப்பொருள். “பயமா? அப்படியானால் இந்தப் புதிய வகையை வாங்குங்கள், இது மென்மையானது” என்பது.

மூன்றிலும் ஆபத்தானது மூன்றாவதுதான். ஏனென்றால் முதல் இரண்டும் பயப்படாதவரை ஏமாற்றுகின்றன. மூன்றாவது, பயந்து நிறுத்தப் போகிறவரைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது.

5. அப்பாவின் வெள்ளைப் பெட்டி

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். விடிவதற்கு முன்பே லயத்து வாசலில் உட்கார்ந்து தேநீரோடு ஒரு சிகரெட். பிறகு நாள் முழுக்க. நாற்பது வயது தாண்டியபோது இருமல் விடவில்லை. கிளினிக்கில் டாக்டர், “ரோக்கோவை விட்டுடுங்க” என்றார். அப்பா பயந்துவிட்டார். உண்மையில் நிறுத்த நினைத்தார். அப்போது தோட்டத்து மாமா ஒருவர், “எதுக்குய்யா ஒரேடியா விடுற? லைட்ஸுக்கு மாறு. அதுல தார் கம்மி” என்றார். மறுநாளிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் வெள்ளைப் பெட்டி. அம்மா ஏதாவது சொன்னால், “இது லைட்ஸ்தான் பிள்ள, இதனால ஒன்னும் ஆகாது” என்பார். அந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தை.

‘லைட்ஸ்’ என்றால் என்ன தெரியுமா? பல வகைகளில் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பரிசோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாக வெளிக்காற்று கலந்து, தார் அளவு குறைவாகக் காட்டும். ஆனால் மனிதன் இயந்திரம் இல்லை. அவன் உதடும் விரலும் துளையை மூடிவிடும். உடம்பு கேட்கும் நிக்கோட்டின் கிடைக்காவிட்டால் அவனை அறியாமலே ஆழமாக இழுப்பான், நிறைய இழுப்பான், இன்னொன்றைப் பற்ற வைப்பான். கடைசியில் உள்ளே போவது ஏறக்குறைய அதே அளவு. இது நிறுவனங்களுக்கு முன்பே தெரியும். அவர்களுடைய ஆய்வுக்கூடங்களே இதைக் கண்டிருந்தன.

ஃபில்டரின் கதையில் இன்னும் கொடுமை உண்டு. 1952 முதல் 1956 வரை அமெரிக்காவில் கென்ட் சிகரெட் ‘உடல்நலத்துக்குப் பாதுகாப்பு’ என்ற விளம்பரத்தோடு ஒரு புது ஃபில்டரை விற்றது. அந்த ஃபில்டருக்குள் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். அதுவே புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள்!

அப்பா 58 வயதில் போய்விட்டார். கடைசி இரண்டு ஆண்டு கழிவறைக்கு நடந்து போவதற்கே மூச்சு வாங்கும். பல நாள் நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். “ஒரு சிகரெட்டைக்கூட விட முடியலையா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்தது: அவர் விட நினைத்த ஒரே சமயத்தில், விட வேண்டாம் என்று சொல்ல ஒரு வெள்ளைப் பெட்டி தயாராக இருந்திருக்கிறது. அவருடைய பலவீனம் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலவீனத்தை அளந்து, அதற்கேற்ப ஒரு பொருளைச் செய்து, அதற்கு நல்ல பெயரும் வைத்தவர்கள் இருந்தார்கள்.

6. உண்மை வெளியே வந்தது

1994 ஏப்ரல் 14ஆம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு சிகரெட் நிறுவனத் தலைவர்கள் வரிசையாக நின்று கையுயர்த்திச் சத்தியப்பிரமாணம் செய்தார்கள். நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதில்லை என்றே நம்புவதாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். ‘நம்புகிறேன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அசுவத்தாமன் யானை ஞாபகம் வருகிறதா? பொய்ச்சாட்சி என்று அவர்கள்மேல் வழக்கு வரவே இல்லை.

ஆனால் அடுத்த சில வாரங்களில், கலிபோர்னியாவில் பேராசிரியர் ஸ்டேன்டன் கிளான்ஸின் அலுவலகத்துக்குப் பெயர் இல்லாமல் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பக்கங்கள், பிரவுன் அண்ட் வில்லியம்சனின் ரகசியத் தாள்கள். பிறகு அதே நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெஃப்ரி வைகண்ட் வெளிப்படையாகவே சாட்சி சொன்னார். மிரட்டல் வந்தது, வழக்கு வந்தது. வேலையும் குடும்ப வாழ்க்கையும் சிதைந்தன. பிறகு அவர் பள்ளி ஆசிரியராக வேலை செய்தார். உண்மை பேசியதற்கு அவர் கொடுத்த விலை அது.

1998இல் 46 அமெரிக்க மாநிலங்களோடு நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில், 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டன. வழக்குகளின் மூலம் இலட்சக்கணக்கான உள் ஆவணங்களும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2006 ஆகஸ்ட் 17ஆம் தேதி நீதிபதி கிளேடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பை வழங்கினார். புகையின் கேட்டைப் பற்றியும், நிக்கோட்டின் பற்றியும், ‘லைட்ஸ்’ பற்றியும், பக்கத்தில் இருப்பவர் இழுக்கும் புகையைப் பற்றியும் பல ஆண்டுகளாக மக்களை ஏமாற்றினார்கள் என்று அதில் தீர்ப்பளித்தார். கொள்ளைக் கும்பல்களுக்காகக் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு அது. ஆனால் இலாபத்தைத் திரும்பப் பறிக்க மேல் நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லும் திருத்த அறிக்கைகளை அவர்கள் வெளியிட வேண்டும் என்றும் உத்தரவானது. அதையும் மேல்முறையீடு, மேல்முறையீடு என்று இழுத்து, 2017 நவம்பரில்தான் வெளியிட்டார்கள்.

1954இல் பொய். 2017இல் திருத்தம். இடையில் 63 ஆண்டுகள். ஒரு மனிதனின் ஆயுள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெளியே “நிரூபிக்கப்படவில்லை” என்று சொன்ன அதே நிறுவனங்கள், நோயாளிகள் வழக்குப் போட்டபோது நீதிமன்றத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “சிகரெட் கெடுதி என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே. தெரிந்தே புகைத்தது அவர் தவறு.” கடைத்தெருவில் ஒரு வார்த்தை, கோர்ட்டில் ஒரு வார்த்தை. “எல்லாருக்கும் தெரியும்தானே, கம்பெனியை ஏன் குறை சொல்லணும்?” என்று இனி யாராவது சொன்னால், அந்த வாதம் எங்கே பிறந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

7. நம் நாட்டில் நடந்தது

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம்.

நம் நாட்டில் சிகரெட்டின் நேரடி விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகும் பெயர் மட்டும் மறையவில்லை. சிகரெட் பெயரில் சுற்றுலா நிறுவனம் வந்தது, துணிக்கடை வந்தது. 1989 முதல் பல ஆண்டுகள் மலேசியக் கால்பந்து லீக்கின் பெயரோடு டன்ஹில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது திடலில் பந்து உதைத்த நம் அண்ணன்மாருக்குக் கேட்டுப் பாருங்கள். பந்தாட்டம் என்றாலே அந்தச் சிவப்புப் பெட்டி ஞாபகம் வரும் என்பார்கள். ஓடினால் மூச்சு வாங்க வைக்கும் பொருள், ஓடும் விளையாட்டுக்குப் பெயர் கொடுத்தது!

இன்னும் நுட்பமானது ஒன்று. 1990களில் மலேசியாவின் சிகரெட் தயாரிப்பாளர்கள் கூட்டமைப்பே, ‘இளையோர் புகைக்கக் கூடாது’ என்று பிரசாரம் செய்தது. கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனால் வெளிவந்த ரகசிய ஆவணங்களை மலேசிய ஆய்வாளர் மேரி அசுந்தாவும் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் சைமன் சேப்மனும் ஆராய்ந்து 2004இல் கட்டுரை எழுதினார்கள். அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவராமல் தடுப்பதும், நல்ல பெயர் வாங்குவதும்தான் அந்தப் பிரசாரத்தின் உண்மையான நோக்கம் என்று காட்டினார்கள். சட்டத்துக்குப் பதில் ‘நாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறோம்’ என்ற ஏற்பாட்டின் மூலம் எப்படிக் காலம் கடத்தப்பட்டது என்பதையும் எழுதினார்கள். மேரி அசுந்தா பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் பல ஆண்டு பணியாற்றியவர். பினாங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பயனீட்டாளர்களுக்காக எழுதிய ஒருவர், உலகப் பெரிய நிறுவனங்களின் முகமூடியைக் கழற்ற முடிந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளைவு என்ன? 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 21.3 விழுக்காட்டினர் புகைத்தார்கள். ஆண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 40 பேர். உலக அளவில் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் புகையிலை கொல்கிறது.

8. மீண்டும் அந்தத் தம்பியிடம்

இப்போது வேப்புக்கு வருவோம். வாய்மையைப் பற்றிய பாடத்தில் நாமும் மிகைப்படுத்தக் கூடாது. வேப்பில் புகையிலை எரிவதில்லை. அதனால் சிகரெட் புகையில் உள்ள பல நச்சுப் பொருள்கள் அதில் குறைவு. இது உண்மை. ஆனால் ‘குறைவு’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. அது வெறும் தண்ணீர் ஆவியும் இல்லை. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டின் இருக்கிறது. வளரும் மூளையை அது எளிதில் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே 20 ஆண்டு புகைத்த ஒருவர் சிகரெட்டை விட வேப்புக்கு மாறுவது ஒரு கதை. ஒரு நாளும் புகைக்காத 16 வயதுப் பையன் மாம்பழ வாசனைக்காகத் தொடங்குவது முற்றிலும் வேறு கதை. முதல் கதையைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் மூன்றாம் வேடம்.

அமெரிக்காவில் ஜூல் என்ற நிறுவனம் இப்படித்தான் வளர்ந்தது. தங்கள் பொருள் சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்று அனுமதியின்றிச் சொன்னதற்காக, பள்ளி மாணவர்களிடம் பேசியது உட்பட, 2019 செப்டம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இளையோரை இலக்காக வைத்து விற்றது தொடர்பான விசாரணையில், 2022இல் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களோடு 43 கோடியே 85 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதில் 35 விழுக்காட்டுப் பங்கை 2018இல் வாங்கியது யார்? மார்ல்போரோ சிகரெட்டின் அமெரிக்க உரிமையாளரான ஆல்ட்ரியா. புட்டி புதிது, சரக்கு பழையது.

நம் நாட்டில்? 2022இல் கைரி ஜமாலுடின் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட், வேப் விற்கக் கூடாது என்ற விதியோடு ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறவில்லை. 2023 ஏப்ரல் முதல் வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. வரி விதிக்க வழி பிறந்தது. ஆனால் வயது வரம்புச் சட்டம் அப்போது இல்லை. 2023 நவம்பரில், தலைமுறைத் தடை நீக்கப்பட்ட மசோதா மக்களவையில் நிறைவேறியது. அந்தத் தடை அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணாகலாம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் அச்சட்டம், சட்டம் 852, 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 18 மாதம் நிக்கோட்டின் வேப்புக்கு வயது வரம்பு இல்லை. பதின்ம வயதினரிடையே வேப் பழக்கம் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு என்று தேசிய ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன.

2007இல் பிறந்த பிள்ளைகள் யார்? நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான்.

9. நம் முன்னோர் செய்த ஒரு காரியம்

தோட்ட மக்களுக்கு இது புதிதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. வெயிலில் உழைத்து வாங்கிய சம்பளம் மாலையில் அங்கேயே போய்ச் சேர்ந்தது. “குடிக்கிறது அவனுங்க இஷ்டம்” என்று சொல்லித் துரைமார் கை கழுவினார்கள். 1946, 47இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் எழுந்தார்கள். குடித்தவரை மட்டும் குறை சொல்லி அவர்கள் நிற்கவில்லை. கள்ளுக்கடையையே மூடு என்று ஊர்வலம் போனார்கள். போலீஸ் வந்தது, மோதல் நடந்தது, சிறைக்கும் போனார்கள். அவர்களில் பலர் உங்கள் வயதைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்கள்.

குடிப்பவனைப் பார்த்தால் பரிதாபம், விற்பவனைப் பார்த்தால் கேள்வி. அந்த வரிசையைத்தான் அவர்கள் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

10. நாம் செய்ய வேண்டியது

ஒரு பொருளைப் பற்றி “ஒன்னும் ஆகாது” என்று யாராவது சொன்னால் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்:

• இதைச் சொல்வது யார்? நான் வாங்கினால் அவருக்கு இலாபமா?
• ‘கேடு இல்லை’ என்கிறாரா, ‘நிரூபிக்கப்படவில்லை’ என்கிறாரா?
• எதோடு ஒப்பிட்டு ‘பாதுகாப்பானது’ என்கிறார்? சிகரெட்டோடு ஒப்பிட்டா, நல்ல காற்றோடு ஒப்பிட்டா?
• இதன் நிறமும் வாசனையும் எந்த வயதுக்காரருக்காகச் செய்யப்பட்டவை?
• நிறுத்த நினைத்தால் எளிதாக நிறுத்த முடியுமா?

வீட்டில் புகைப்பவர் இருந்தால் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். அவமானப்படுத்த வேண்டாம். “அப்பா, உங்களை ஏமாத்தியிருக்காங்க” என்று தொடங்குங்கள். பிறகு இந்த நல்ல செய்தியைச் சொல்லுங்கள். ரிச்சர்ட் டால் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் முடிவைச் சொன்னார். விடாமல் புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். ஆனால் 60 வயதில் நிறுத்தினாலும் ஏறக்குறைய 3 ஆண்டு திரும்பக் கிடைக்கிறது. 50இல் 6, 40இல் 9, 30இல் ஏறக்குறைய 10 ஆண்டும். தாமதம் என்று ஒன்று இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவையைப் பற்றிக் கேளுங்கள். தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.

அந்தத் தம்பி அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தான். “அண்ணே, யாரு சொன்னாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். விக்கிறவர்தான் சொன்னாரு” என்றான். விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை. மெதுவாக விடுவான். கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான், அதுவே முதல் படி.

கலந்துரையாடல்

1. தெரியாமல் தவறாகச் சொல்வதற்கும் தெரிந்தே சந்தேகம் கிளப்புவதற்கும் என்ன வேறுபாடு? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
2. பொய்யின் மூன்று வேடங்களில் எதை நீங்கள் இந்த வாரம் விளம்பரத்தில் பார்த்தீர்கள்?
3. ஜெஃப்ரி வைகண்ட் இடத்தில் நீங்கள் இருந்தால், குடும்பத்தை நினைத்து மௌனமாக இருந்திருப்பீர்களா? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.
4. புகைப்பவருக்கு எவ்வளவு பொறுப்பு, விற்பவருக்கு எவ்வளவு? இரு குழுவாகப் பிரிந்து விவாதியுங்கள்.

வீட்டுப் பணி: உங்கள் தோட்டத்தில் அல்லது கம்பத்தில் புகைப்பதை நிறுத்திய ஒரு பெரியவரைச் சந்தியுங்கள். எப்போது தொடங்கினார், யார் கொடுத்தார்கள், எப்படி விட்டார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். அவர் பெயரை எழுத வேண்டாம். அடுத்த வகுப்பில் வாசிப்போம்.